கிராஃப்ட்ஸ்மன் 101.07403 லேத் எந்த வருஷம்? விற்றவர் ஒண்ணு சொல்றார், பலகை ஒண்ணு சொல்லுது

எட்டுமரை:
வணக்கம். 12 அங்குல கிராஃப்ட்ஸ்மன் லேத் (கடைசல் இயந்திரம்) ஒண்ணு கைக்கு வந்திருக்கு. பெயர்ப் பலகையில் மாடல் எண் 101.07403. "1938-ல் செஞ்சது, போருக்கு முந்தின வார்ப்பு, இப்போ இந்த மாதிரி இரும்பே கிடையாது"ன்னு விற்றவர் அடிச்சுச் சொன்னார். பெட்டில் (லேத்தோட நீளமான அடிப்பகுதி), டெயில்ஸ்டாக் (வேலைத்துண்டோட மறுமுனையைத் தாங்குறது) பக்கக் கோடியில் ஒரு எண் குத்தியிருக்கு. மோட்டார் பலகையில் 60 ஹெர்ட்ஸ்னு இருக்கு. பெயின்ட் ரெண்டு அடுக்கு, ரெண்டுமே சாம்பல்தான், மேலே இருக்கிறது கொஞ்சம் பச்சை.

இதோட வருஷத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெயின்டை உரிச்சுப் புதுசா அடிக்கலாமா, அப்படியே விடலாமா?

சுருள்தூள்:
விற்கிறவங்க கையில் இருக்கிற எல்லா லேத்தும் போருக்கு முந்தினதுதான் பாஸ். எந்தப் போர்னு மட்டும் கேட்கக் கூடாது.

பழம்பட்டறை:
தம்பி, முதலில் யார் செய்தது என்று பார்ப்போம். கிராஃப்ட்ஸ்மன் என்பது சியர்ஸ் நிறுவனம் வைத்த விற்பனைப் பெயர். சியர்ஸ் லேத் செய்யவில்லை, செய்ய வைத்து வாங்கியது. மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் வரும் மூன்று இலக்கம் உற்பத்தியாளரைக் குறிக்கும். 101 என்றால் மிச்சிகன் மாநிலம் கலமசூவில் இருந்த அட்லஸ் பிரஸ். 109 என்று தொடங்கும் சின்ன லேத்துகளும் கிராஃப்ட்ஸ்மன் பெயரில் வந்தன. அவை வேறு ஆலையில் செய்தவை, தரமும் வேறு. ஆகவே உங்களுடையது அட்லஸ் லேத்தின் உடன்பிறப்பு. அட்லஸ் உதிரிபாகம் பெரும்பாலும் பொருந்தும்.

இரண்டாவது, மோட்டாரை நம்பாதீர்கள். லேத்தில் முதலில் மாறுவது மோட்டார்தான். ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதே சாட்சி. அந்த அலகை அளவைகளுக்கான பொது மாநாடு எஸ்ஐ (சர்வதேச அலகு) முறையில் சேர்த்தது 1960-ல். அதற்கு முந்தைய அமெரிக்க மோட்டார் பலகைகளில் "சைக்கிள்" என்றுதான் இருக்கும். ஆக மோட்டாரின் வயது தெரிந்துவிட்டது. லேத்தின் வயது இன்னும் தெரியவில்லை.

மூன்றாவது, அட்லஸ் பெட்டில் குத்திய எண்ணைத் தேதியாக மாற்றிச் சொல்ல தொழிற்சாலைப் பட்டியல் எதுவும் நம் கையில் இல்லை. உரிமையாளர்கள் தங்கள் எண்களைச் சேர்த்துப் போட்டுக் கணித்ததுதான் உண்டு. அதை வைத்து "இந்தக் காலகட்டம்" என்று சொல்லலாம், "இந்த ஆண்டு" என்று சொல்ல முடியாது. சவுத் பெண்ட் லேத் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். எந்த எண் எப்போது யாருக்குப் போனது என்று அந்தக் கம்பெனி அட்டை எழுதி வைத்திருந்தது.

டயல்கேஜ்:
ஐயா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. லேத்துக்கு வயசு கணிக்கிறதில் ஒரே ஒரு விதிதான்: அசலா உள்ள பாகங்களில் எது கடைசியா செஞ்சதோ, அதுக்கு முன்னால அந்த லேத் இருந்திருக்க முடியாது. அது கீழ்வரம்பு. மேல்வரம்பு வேறு இடத்திலிருந்து வரணும். எந்த வருஷம் அந்த வடிவத்தை நிறுத்தினாங்க, எப்போ வேற டிசைனுக்கு மாறினாங்கன்னு பார்க்கணும். ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறதுதான் பதில். ஒரே வருஷமா வேணும்னு அடம்பிடிச்சா பொய்தான் கிடைக்கும்.

உங்க லேத்துக்கு மேல்வரம்பு சுலபம். பெட் வே (பெட் மேல தண்டவாளம் மாதிரி இருக்கிற பரப்பு) தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்க. பழைய கிராஃப்ட்ஸ்மன் 12-ல் அது 3/8 அங்குலம். 1950-களின் கடைசியில் வந்த புது வடிவத்தில் 1/2 அங்குலம். 3/8 வந்தா பழைய வகை.

கீழ்வரம்பு ஸ்பிண்டில் (சுழலுற அச்சு) பெயரிங்கில் இருக்கலாம். அட்லஸ் ரெண்டு விதமா வித்தாங்க: பாபிட் (மென்மையான வெள்ளை உலோகம்) ஊத்தினது ஒண்ணு, டிம்கன் கம்பெனியோட டேப்பர் (கூம்பு) ரோலர் போட்டது ஒண்ணு. டிம்கனா இருந்தா, பல லேத்தில் பெயரிங் மேல மின்பேனாவால் கையாலேயே தேதி கீறி வச்சிருப்பாங்க. மாசம், நாள், வருஷம் எல்லாம் இருக்கும்.

எட்டுமரை:
ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டில் இருக்கிற தலைப்பகுதி) டிம்கன்னு போட்டிருக்கு அண்ணா. ஆனா தேதி பார்க்கிறதுக்காக ஸ்பிண்டிலைக் கழற்றணுமா? ஓடிக்கிட்டிருக்கிறதைப் பிரிக்கப் பயமா இருக்கு.

நீலமை:
தேதிக்காக மட்டும்னா கழற்றாதீங்க. ஸ்பிண்டில் நுனியில் டயல் (நுண்ணிய அசைவைக் காட்டுற முள்மானி) வச்சு, சக்கில் (வேலைத்துண்டைக் கடிச்சுப் பிடிக்கிறது) மரக்கட்டையைக் கடிக்க வச்சு மேலும் கீழும் நெம்பிப் பாருங்க. முள் அசையுதா, கையால் சுத்தினா கரகரன்னு இருக்கா, பழைய கிரீஸ் கெட்டிப்பட்டுக் கிடக்கா? இதில் ஒண்ணாவது இருந்தா எப்படியும் கழற்றிச் சுத்தம் பண்ணி, திரும்ப இறுக்கம் வைக்க வேண்டியதுதான். அப்போ தேதி இலவசம். டேப்பர் ரோலருக்கு இறுக்கம் வைக்கும்போது கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஹெட்ஸ்டாக் சூடான பிறகு வைங்க. குளிர்ந்த நிலையில் சரியா இருக்கிறது சூட்டில் வேற மாதிரி ஆயிடும்.

பெயின்ட் விஷயம்: அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும்னே வச்சுக்கிட்டு வேலை பாருங்க. உலர்ந்த சாண்ட்பேப்பர் போட்டுத் தூள் பறக்க விடாதீங்க. கெமிக்கல் தடவி ஈரமாகச் சுரண்டி, கழிவைத் தனியா கட்டி வைங்க. குழந்தைகள் நடமாடுற வீடுன்னா இன்னும் கவனம். அதுக்கும் முன்னால, பலகையோட விளிம்பில் பெயின்ட் எப்படி நிக்குதுன்னு பார்த்துப் படம் எடுத்துக்கோங்க. மேல் அடுக்கு பலகை மேல ஏறியிருந்தா, அது பின்னாடி யாரோ அடிச்சது. பலகைக்கு அடியில் தெரியிற நிறம்தான் ஆலையில் அடிச்சது. உரிச்சு முடிச்சப்புறம் இதெல்லாம் பார்க்க முடியாது.

கல்லுப்பலகை:
இங்கே ஒரு சந்தேகம். என்னிடம் மைஃபோர்ட் எம்எல்7 (இங்கிலாந்து லேத்) இருக்கு. பெட் எண் கே எழுத்தில் தொடங்குது. ஆனா கியர்பாக்ஸில் தனியா வேறொரு எண். எது சரி? எங்க பெரியப்பா இதை 1944-ல் வாங்கினார்னு வீட்டில் பேச்சு.

பழம்பட்டறை:
எம்எல்7 சந்தைக்கு வந்ததே 1946-ல். பெரியப்பா 1944-ல் மைஃபோர்ட் வாங்கியிருந்தால் அது எம்எல்7-க்கு முந்தைய வகையாக இருக்கும், அல்லது போர்க்காலத்தில் மைஃபோர்ட் எடுத்துச் செய்த டிரம்மண்ட் எம் வகையாக இருக்கும். அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு இதை வாங்கியிருக்கலாம். வீட்டு நினைவு பொய் என்று சொல்லவில்லை, இரண்டு லேத்தை ஒன்றாக்கிவிட்டது.

எண் இரண்டும் சரிதான். கே எண் பெட்டுக்கு, மற்றது கியர்பாக்ஸுக்கு. மைஃபோர்டில் கியர்பாக்ஸைப் பிறகு வாங்கி மாட்டிக்கொள்ளும் வசதி இருந்தது. ஸ்டாண்டு, மோட்டார், கிளட்ச் எல்லாம் அப்படித்தான். பொழுதுபோக்குக்காரர்களின் லேத் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. அதற்கு ஒரே பிறந்தநாள் கேட்டால் எதைச் சொல்வது?

சுருள்தூள்:
தாத்தாவோட கோடாலி கதைதான். பிடி மூணு தடவை மாத்தியாச்சு, இரும்பு ரெண்டு தடவை மாத்தியாச்சு, கோடாலி அதேதான்.

டயல்கேஜ்:
பெட் மாறாதவரைக்கும் லேத் மாறலைன்னுதான் பொதுவா ஒத்துக்கிறோம். எண்ணைப் பெட்டில் குத்தினதே அதனால்தான், அதுவும் தேய்மானம் குறைஞ்ச கோடியில்.

கல்லுப்பலகை, உங்க ஹெட்ஸ்டாக் மூடியைத் திறந்து பாருங்க. எம்எல்7-க்கு வெள்ளை உலோக பெயரிங். முன்னால கூம்பு வடிவ வெண்கல புஷ், பின்னால பால் பெயரிங்னு இருந்தா அது மைஃபோர்டோட இன்னொரு மாடலான சூப்பர் 7-ன் ஹெட்ஸ்டாக். யாராவது மாத்திப் போட்டிருக்கலாம்.

கல்லுப்பலகை:
வெள்ளை உலோகம்தான், சொட்டு எண்ணெய்க் குப்பியும் இருக்கு. பெரியப்பா விஷயத்தை வீட்டில் சொல்லப்போறதில்லை.

நீலமை:
பலகையைப் பற்றிப் பேச்சு வந்ததால சொல்றேன். எந்தக் கம்பெனியா இருந்தாலும் பலகையில் இருக்கிற அச்சைப் பொறுமையா படிங்க, முகவரி உட்பட. அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தா 1963-க்குப் பிறகு. நகரத்துப் பெயருக்கும் மாநிலத்துக்கும் நடுவில் ஒண்ணு ரெண்டு இலக்கம் மட்டும் நின்னா 1943-க்குப் பிறகு, ஐந்து இலக்கம் வர்றதுக்கு முன்னால. அட்லஸ் பலகையில் கிளாசிங் பெயரும் சேர்ந்திருந்தா 1950-க்கு முன்னால இருக்க முடியாது, அந்தக் கம்பெனியை அட்லஸ் வாங்கினதே அப்போதான். ஜெர்மன் லேத்தில் டிஆர்பி, டிஆர்ஜிஎம்னு காப்புரிமைக் குறி இருந்தா போர் முடியறதுக்கு முந்தின வடிவமைப்பு. விஇபின்னு இருந்தா போருக்குப் பிந்தின கிழக்கு ஜெர்மனி.

எனக்குப் பிடிச்சது போர் உற்பத்தி வாரியத்தோட பித்தளைத் துண்டு. 1942 ஜனவரியில் தொடங்கி 1945 இறுதியில் கலைச்ச அமைப்பு அது. லேத் அந்த வாரியத்தோட உத்தரவுகளுக்கு இணங்கினதுன்னு அந்தத் துண்டில் அடிச்சு ஒட்டினாங்க. அசலா ரிவெட் அடிச்சு நிக்கிற துண்டு இருந்தா நாலு வருஷத்துக்குள்ள சுருக்கிடலாம். ஆனா ரிவெட்டைப் பாருங்க. சின்ன திருகு போட்டிருந்தா யாரோ வேற லேத்திலிருந்து கொண்டுவந்தது.

எட்டுமரை:
அந்தத் துண்டு இல்லை, அது இருந்த துளையும் இல்லை.

அக்கா சொன்னபடி நெம்பிப் பார்த்தேன், முள் நல்லாவே அசைஞ்சது, கிரீஸும் பிசின் மாதிரி ஆயிருந்தது. கழற்றிட்டேன். முன் பெயரிங், பின் பெயரிங் ரெண்டிலும் கையால் கீறின எழுத்து. ரெண்டும் 1947, ஒரே மாசம், ஒரே கையெழுத்து மாதிரிதான் தெரியுது. பெட் வே தடிமன் டெயில்ஸ்டாக் கோடியில் 0.3745 அங்குலம். சக் பக்கம் முன் வேயில் 0.371, பின் வேயில் 0.373.

அப்போ 1947-ன்னு எழுதிக்கலாமா?

பழம்பட்டறை:
இரண்டு பெயரிங்கும் ஒரே கையால் ஒரே மாதம் குறித்தவை என்றால் பின்னால் மாற்றியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாற்றுகிறவன் எதற்குத் தேதி கீறுகிறான்? வே தடிமன் பழைய வகை. ஆகவே 1947-க்கு முன்பு இல்லை, 1950-களின் கடைசிக்குப் பின்பும் இல்லை. பெயரிங் கிடங்கில் சில மாதம் கிடந்திருக்கும், கட்டிய லேத் விற்பனையாகச் சில மாதம் ஆகியிருக்கும். 1947-48 என்று எழுதிக்கொள்ளுங்கள். விற்றவர் சொன்ன போர் முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

சுருள்தூள்:
இன்னும் பழைய வார்ப்புதான், கவலைப்படாதீங்க.

டயல்கேஜ்:
வருஷம் முடிஞ்சது. எனக்கு அந்த 0.371-ம் 0.373-ம்தான் முக்கியம். அட்லஸ் வே தட்டையா இருக்கிறதால மைக்ரோமீட்டரிலேயே தேய்மானம் பார்த்துடலாம், சவுத் பெண்டோட வி வேயில் இது நடக்காது.

முன் வேயில் தேய்மானம் 0.0035 அங்குலம், ஏறத்தாழ 0.09 மிமீ. கேட்கப் பயமா இருக்கும். ஆனா டூல் நேரா கீழே இறங்கினா விட்டம் மாறவே மாறாதுங்கிற அளவுக்குத்தான் மாறும். 25 மிமீ கம்பியைக் கடையும்போது டூல் 0.07 மிமீ இறங்கினா, ஆரத்தில் வர்ற வித்தியாசம் 0.0002 மிமீ. மறந்துடலாம்.

தொல்லை வேற இடத்தில். முன் வே பின் வேயைவிட 0.002 அங்குலம், அதாவது 0.05 மிமீ, அதிகமா தேஞ்சிருக்கு. கேரேஜ் (டூலைத் தாங்கி நகர்ற பகுதி) சக் பக்கம் போகப் போக உங்களைப் பார்த்துச் சாயும். 12 அங்குல லேத்தில் மையம் பெட்டுக்கு மேல 6 அங்குல உயரத்தில் இருக்கு, பெட் அகலம் அதைவிடக் குறைவு. அதனால டூல் முனை 0.05-ஐ விடக் கூடுதலா உங்க பக்கம் விலகும். விட்டத்தில் அது ரெட்டிப்பு, 0.1 மிமீக்கு மேல. நீளமான வேலையில் சக் பக்கம் தடிச்சு வர்றது இதனால்தான். சின்ன வேலை முழுக்கத் தேஞ்ச பகுதிக்குள்ளேயே நடக்கிறதால அங்கே அவ்வளவு தெரியாது.

பழம்பட்டறை:
இதற்காகப் பெட்டைக் கிரைண்டிங் கொடுக்க ஓடாதீர்கள். முதலில் லேத்தை உறுதியான மேடையில் வைத்து, பெட் முறுக்கு இல்லாமல் நுண் மட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள். இலேசான பெட் கொண்ட லேத்தில் கால் போல்ட்டை முறைதவறி இறுக்கினாலே தேய்மானத்தைவிடப் பெரிய டேப்பர் (ஒரு முனை தடிப்பது) வரும். பாதிப் பேர் "பெட் தேய்ந்துவிட்டது" என்று புலம்புவது முறுக்கைத்தான்.

நீலமை:
அட்லஸ் வச்சிருக்கிறவங்க பெட்டைவிடப் பயப்பட வேண்டியது துத்தநாகக் கலவை பாகங்களுக்கு. சேஞ்ச் கியர் (மரை பிட்ச்சுக்கு ஏத்தபடி மாத்துற கியர்), ஹாஃப் நட் (லீட் ஸ்க்ரூவைக் கவ்வி கேரேஜை இழுக்கிற பாதி நட்டுகள்), லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்துற நீள ஸ்க்ரூ) தாங்கி எல்லாம் ஸாமாக் வார்ப்பு. நல்ல தூய துத்தநாகத்தில் ஊத்தினது இன்னும் அப்படியே இருக்கு. ஈயம் கலந்து கெட்டுப்போன ஊத்துல செஞ்சது ஈரம் பட்டு உள்ளிருந்தே வீங்கி, வெடிச்சு, கடைசியில் கையில் உதிர்ந்திடும். அதை ஒட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. ஒவ்வொரு கியரையும் கையில் எடுத்து முடி மாதிரி விரிசல் இருக்கான்னு பாருங்க. ஒரு பல் உடைஞ்சதோட ஓட்டினா பக்கத்துக் கியரையும் கொண்டுபோயிடும்.

எட்டுமரை:
கியர் எல்லாம் நல்லா இருக்கு, 80 பல் கியரும் இருக்கு. ஹாஃப் நட் மட்டும் கத்தி மாதிரி தேஞ்சிருக்கு. பக்கத்தில் ஒருத்தர் சவுத் பெண்ட் 9 அங்குல சேஞ்ச் கியர் செட் தரேங்கிறார். போடலாமா?

டயல்கேஜ்:
வேணாம். சவுத் பெண்ட் 9 கியர் டயமெட்ரல் பிட்ச் (கியர் விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பல்) 18, உங்களுது 16, மைஃபோர்ட் 20. ஒண்ணோடொண்ணு கோர்க்காது. ஆனா அவர்கிட்ட சக் இருந்தா விடாதீங்க. ரெண்டுக்கும் ஸ்பிண்டில் மரை ஒண்ணுதான், ஒன்றரை அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை. தோள்பட்டை ரிஜிஸ்டர் (சக் பொருந்தி உட்கார்ற இடம்) அளவை மட்டும் சரிபாருங்க.

எட்டுமரை:
உண்மையில் எனக்கு வேண்டியது மெட்ரிக் மரை. 1.5 மிமீ பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி). லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 8 மரை. எல்லோரும் 127 பல் கியர் வேணும்கிறாங்க.

பழம்பட்டறை:
ஒரு அங்குலம் 25.4 மிமீ. அதை ஐந்தால் பெருக்கினால் 127. அது பகா எண் என்பதால் சின்ன கியர்களாகப் பிரிக்க வழியில்லை. துல்லியமாக வேண்டுமென்றால் 127 வேண்டும். ஆனால் பிட்ச் 16-ல் 127 பல் என்றால் வெளிவிட்டம் 8 அங்குலத்துக்கு மேல். உங்கள் மூடிக்குள் அது அடங்குமா என்று பாருங்கள்.

டயல்கேஜ்:
அடங்காது. 63-க்கு 80 போடுங்க. 80/63 = 1.26984, வேண்டியது 127/100, அதாவது 1.27. பிழை 0.0125 சதவீதம். உங்களுக்கு ஸ்பிண்டிலிலிருந்து லீட் ஸ்க்ரூவுக்கு மொத்த விகிதம் 60/127 வேணும். அதுக்குப் பதிலா 24/40-ஐ 63/80-ஆல் பெருக்குங்க, பிட்ச் 1.5002 வரும். 100 மிமீ நீளத்துக்கு 0.0125 மிமீ பிழை. உங்க லீட் ஸ்க்ரூவோட தேய்மானம் இதைவிட அதிகமாத்தான் இருக்கும்.

நீலமை:
ஒரு எச்சரிக்கை. அங்குல லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டும்போது ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. திறந்தா அடுத்த வெட்டு அதே தடத்தில் விழாது. டூலை வெளியே எடுத்து, லேத்தைப் பின்னோக்கிச் சுத்தித்தான் திரும்பணும். உங்க சக் மரையில் ஏத்தினது. மோட்டாரைத் திடீர்னு ரிவர்ஸ் போட்டா சக் கழண்டு வரும். ஸ்பிண்டில் பின்துளையில் மாட்டுற கைப்பிடி ஒண்ணு செஞ்சு, மின்சாரத்தைப் பிடுங்கிட்டு, மரை முழுசையும் கையாலேயே வெட்டுங்க. குட்டை மரைக்கு அதுதான் வசதி. மோட்டார் ஓட்டுறதுக்கு முன்னால கைப்பிடியைக் கழற்ற மறக்காதீங்க.

எட்டுமரை:
செட்டில் 63 பல் இல்லையே. டிவைடிங் ஹெட் (வட்டத்தைச் சமமா பிரிக்கிற கருவி) கிடைக்கும், கைப்பிடி 40 சுத்துக்கு வேலை 1 சுத்து. 16 பிட்ச், பல்லோட அழுத்தக் கோணம் 14.5 டிகிரி, எத்தனாம் நம்பர் கட்டர்?

டயல்கேஜ்:
63 பல்லுக்கு ரெண்டாம் நம்பர், 55 முதல் 134 வரைக்கும் அதேதான். பிளாங்க் (பல் வெட்டாத வட்டத் துண்டு) விட்டம் 65/16, அதாவது 4.0625 அங்குலம்.

பழம்பட்டறை:
கட்டர் சரி, பிரிப்பது எப்படி? 40-க்கு 63 சுருங்காது. டிவைடிங் ஹெட்டில் மாட்டும் சாதாரண பிரௌன் அண்ட் ஷார்ப் துளைத் தட்டுகளில் 63 துளை வட்டம் கிடையாது. டிஃபரன்ஷியல் இண்டெக்சிங் (தட்டையும் கியரால் சுற்றவைத்துப் பிரிக்கும் முறை) வேண்டும். அதற்குப் பதிலாக 47-க்கு 37 எடுங்கள். 47/37 = 1.27027, பிழை 0.021 சதவீதம். 100 மிமீக்கு 0.02 மிமீ, போல்ட்டுக்கு இது தெரியவே தெரியாது. தட்டில் 37-ம் 47-ம் இரண்டும் இருக்கின்றன. 47 பல்லுக்கு 47 வட்டத்தில் 40 துளை. 37 பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும் 37 வட்டத்தில் 3 துளையும். இரண்டுமே 35-க்கும் 54-க்கும் நடுவில் வருவதால் மூன்றாம் நம்பர் கட்டர் ஒன்றே போதும்.

எட்டுமரை:
அப்போ 24/40-ஐ 37/47-ஆல் பெருக்கணும், சரியா ஐயா? பிளாங்க் 39/16-ம் 49/16-ம். வார்ப்பிரும்பா, பித்தளையா?

பழம்பட்டறை:
சரி. வார்ப்பிரும்பு. துண்டு கிடைக்காவிட்டால் சாதாரண எஃகே போதும். பல் ஆழம் 0.135 அங்குலம், இரண்டு வெட்டாக எடுங்கள்.